கம்பளத்தில் காய்ந்த பசை: ஒரு சின்ன சரித்திரம்

கம்பளத்துக்குக் கடன் கொடுப்பவனுக்குக் கம்பளத்தைத் துவைக்கவும் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் வேலை பார்ப்பது வாரணாசியில். இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் பதோஹி. அந்த ஊர்க் கம்பளக்காரர்களின் கடன் கோப்புகள்தான் என் மேஜையில் தினமும். இது தெரிந்த சித்தி மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அண்ணா, கார்பெட்ல பசை காய்ஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு. எப்படி எடுக்கறது?"

"என்ன பசை?" என்று கேட்டேன்.

"பசைன்னா பசைதான். அதுல என்ன வகை?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. நான் பி.காம். படித்தவன், ரசாயனத்தோடு உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனாலும் இந்த ஊருக்கு வந்த பிறகு பசையைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படிக்கப் படிக்க அது வீட்டுக் குறிப்பாக இல்லாமல் ஒரு கணக்குப் புத்தகமாக மாறிவிட்டது. ஒட்டுகிறவன் பக்கம் வரவு, எடுக்கிறவன் பக்கம் செலவு. இருநூறு வருடமாக அந்தச் செலவு எப்படி ஏறியது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிக்கவும்.

போன வழியே திரும்பி வந்த காலம்

பழைய தச்சுப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு வச்சிரம் தெரிந்திருக்கும். மாட்டுத் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுக்கும் பசை. வடக்கே இதை சரேஸ் என்கிறார்கள். வில்லை வில்லையாக இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பாத்திரத்து வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கி, சூட்டோடு தடவ வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். எகிப்தியர்கள் 3000 வருடங்களுக்கு முன்பே இந்த வகைப் பசையால் மரச்சாமான் செய்திருக்கிறார்கள்.

இந்தப் பசையின் பெரிய குணம், சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். எந்த வழியாகப் போனதோ அதே வழியாகத் திரும்பி வரும். வயலின் செய்கிறவர்கள் இன்றும் இதை விடாததற்குக் காரணம் அதுதான். பத்து இருபது வருடம் கழித்து வயலின் உள்ளே ரிப்பேர் என்றால், பலகை உடையாமல் திறக்க வேண்டும் அல்லவா?

மற்ற பழைய பசைகளும் இதே ஜாதிதான். சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை, கருவேல மரத்துக் கோந்து, 1840-ல் இங்கிலாந்தில் வெளிவந்த உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கின் முதுகில் தடவிய பசை, எல்லாமே தண்ணீருக்குக் கட்டுப்பட்டவை. தபால்தலை சேர்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் தானே கழன்று மிதக்கும். எடுப்பவருக்குச் செலவு ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான்.

கம்பளத்துக்கோ அப்போது பசையே தேவைப்படவில்லை. அக்பர் காலத்தில் பாரசீக நெசவாளர்கள் ஆக்ராவிலும் லாகூரிலும் ஃபதேபூரிலும் தறி போட்டதை அபுல் ஃபஸல் ஐன்-இ-அக்பரியில் எழுதியிருக்கிறார். அவர்கள் செய்தது முடிச்சுக் கம்பளம். பாவு நூலில் கம்பளி இழையை ஒவ்வொன்றாக முடிந்து, வெட்டி, தட்டி இறுக்குவது. முழுக் கம்பளத்திலும் ஒரு சொட்டுப் பசை கிடையாது. இங்கிலாந்தின் விண்ட்ஸர் அரண்மனையில் விரித்திருக்கும் பிரம்மாண்டமான கம்பளம் ஒன்று விக்டோரியா ராணிக்காக ஆக்ரா ஜெயில் கைதிகள் இப்படி முடிந்ததுதான். 1992-ல் அரண்மனை தீப்பிடித்தபோது ராணுவ வீரர்கள் அதைச் சுருட்டி வெளியே தூக்கி வந்தார்கள். நூறு வருடம் மிதிபட்ட பிறகும் சுருட்டித் தூக்கத் தாங்கியது!

தண்ணீருக்கு அடங்காத பசை

1823-ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மேக்கின்டாஷ் ஒரு காப்புரிமை எடுத்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே தடவினார். மழைக்கோட்டு பிறந்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனுக்கும் இதுதான் தாத்தா.

மழையிலும் விடாத பசை என்றால் ஒட்டுகிறவனுக்குக் கொண்டாட்டம். எடுக்கிறவன் கதி? தண்ணீர் உதவாது. பசை எதில் கரைந்து வந்ததோ, அந்த மாதிரி திரவமே வேண்டும். அதாவது நாப்தா, பென்சின், டர்பென்டைன். இங்கிருந்துதான் கரைப்பான்களின் காலம் ஆரம்பம்.

தண்ணீர் படாமல் கறை எடுக்கும் தொழிலும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான் வளர்ந்தது. நியூயார்க்கில் தையல் கடை வைத்திருந்த தாமஸ் ஜென்னிங்ஸ் என்பவர் 1821-ல் உலர்முறைத் துணி சுத்திகரிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவர் என்று சொல்கிறார்கள். சம்பாதித்த பணத்தைத் தன் குடும்பத்தை அடிமைத்தனத்திலிருந்து மீட்கவும் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கும் செலவிட்டார். அவர் முறை என்ன என்பது நமக்குக் கிடைக்கவில்லை. 1836-ல் காப்புரிமை அலுவலகம் எரிந்தபோது அந்தக் காகிதமும் போயிற்று.

பின்னால் வந்தவர்கள் டர்பென்டைனும் பென்சினும் பெட்ரோலும் பயன்படுத்தினார்கள். பசையும் போயிற்று, எண்ணெய்க் கறையும் போயிற்று, சில சமயம் கடையும் போயிற்று! ஒரு பொறி போதும். தீ விபத்து அந்தத் தொழிலின் நிழலாகவே இருந்தது.

அப்போது வந்து சேர்ந்தார் ஒரு நல்லவர், கார்பன் டெட்ராகுளோரைடு. பிரான்ஸில் ரென்யோ என்ற விஞ்ஞானி 1839-ல் முதலில் செய்தது. பசை, கிரீஸ், மெழுகு எல்லாவற்றையும் கரைக்கும். லேசான இனிப்பு வாசனை. முக்கியமாக, தீயே பிடிக்காது. தீயணைப்புக் கருவிக்குள்ளேயே இதைத்தான் ஊற்றி வைத்தார்கள் என்றால் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கம்பளத்துக்கும் சோபாவுக்கும் கறை நீக்கி என்று சின்ன பாட்டிலில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது.

தீப்பிடிக்காததால் ஆபத்து இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சாப்பிடும் சரக்கு. மூடிய அறையில் கம்பளத்தின் மேல் குனிந்து ஒரு மணி நேரம் தேய்த்தவர்கள், இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதிகம் சூடானால் ஃபாஸ்ஜீன் வாயுவாக வேறு மாறும். முதல் உலகப் போரில் எதிரி மேல் விட்ட அதே ஃபாஸ்ஜீன். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இதை விற்கக் கூடாது என்று 1970-ல்தான் தடை வந்தது.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சி.டி.சி. என்ற செல்லப் பெயரில் இது நம் நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் ரொம்ப நாள் ஓடியது. தைத்து முடித்த சட்டையில் மெஷின் எண்ணெய்க் கறை இருந்தால், கையில் ஒரு ஸ்பிரே துப்பாக்கியோடு ஒருவர் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டே இருப்பார். முகமூடி கிடையாது, ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். இந்தியாவில் இந்தப் பயன்பாடு 2010 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. நிறுத்தியதற்குக் காரணம் அந்த ஆளின் கல்லீரல் அல்ல. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கையில் இதைச் சேர்த்திருந்தார்கள். வானத்தில் விழுந்த ஓட்டைதான் கடைசியில் அவரைக் காப்பாற்றியது.

இஸ்தான்புல் செருப்புக்காரர்கள்

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒட்டுகிறவனே செலவை ஏற்றான். 1960-களில் துருக்கியில் செருப்பு, கைப்பை செய்யும் சின்னப் பட்டறைகளில் பென்சீன் கலந்த மலிவான பசை புகுந்தது. இருட்டான, காற்று வராத அறைகள். முஸஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவர், தன்னிடம் வரும் ரத்தப் புற்றுநோயாளிகளில் செருப்புத் தொழிலாளிகள் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். சும்மா கவனித்ததோடு விடாமல் எண்ணினார். 1974-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 26 தொழிலாளிகள். பென்சீன் ரத்தப் புற்றுநோயைத் தரும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள உதவிய ஆதாரங்களில் இது ஒன்று.

நான் அதைப் படித்தபோது, புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையை விட, அவர் எண்ண ஆரம்பித்த விதம்தான் மனதில் நின்றது. "என்ன நோய்?" என்பதோடு "என்ன வேலை?" என்றும் கேட்டிருக்கிறார்.

வெள்ளைப் பசையும் அவசரப் பசையும்

நல்ல செய்தியும் உண்டு. ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் கிளாட்டே 1912-ல் கண்டுபிடித்த பாலிவினைல் அசிடேட், பின்னாளில் தண்ணீரில் கலந்த வெள்ளைப் பசையாக வந்தது. பல்வந்த்ராய் பரேக் 1959-ல் ஃபெவிகாலைக் கொண்டுவந்தபோது, தச்சர்கள் நாற்றமடிக்கும் வச்சிரத்தைக் காய்ச்சும் வேலையிலிருந்து விடுபட்டார்கள். சட்டம் படித்துவிட்டு, ஒரு மர வியாபாரியின் ஆபீசில் பியூனாகவும் இருந்தவர் அவர். தச்சனின் தொல்லை என்ன என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். இரண்டு யானை இழுத்தும் பிரியாத அந்தச் சின்னம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பளத்தில் சிந்தினால் இது அவ்வளவு கொடியதல்ல. வெந்நீருக்கும் வினிகருக்கும் கொஞ்சம் இறங்கிவரும்.

இறங்கி வராதவர் அடுத்தவர். அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியின் ஹாரி கூவர் 1942-ல் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்த சயனோஅக்ரிலேட் தொட்டதையெல்லாம் ஒட்டியது. சனியன் என்று ஒதுக்கிவிட்டார். 1951-ல் அவர் குழுவிலேயே விலை உயர்ந்த கருவி ஒன்றின் இரண்டு கண்ணாடிப் பட்டகங்கள் இதே சரக்கால் ஒட்டிக்கொண்டபோதுதான் அருமை புரிந்தது. 1958-ல் சந்தைக்கு வந்தது. நம் பெட்டிக்கடையில் தொங்கும் ஃபெவிக்விக்கும் அதே குடும்பம். காற்றிலுள்ள ஈரமே அதை இறுக்கிவிடும். பஞ்சு, கம்பளி மேல் கொட்டினால் குபீரென்று சூடாகும், கை சுடும். கம்பளத்துக்கு இதை விட மோசமான விருந்தாளி கிடையாது.

இதற்கு மருந்து அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள சமாச்சாரம். அசிட்டோனுக்கும் ஒரு யுத்த வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்ய பிரிட்டனுக்கு அசிட்டோன் போதவில்லை. பாக்டீரியாவை வைத்து மாவுச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையைக் கொடுத்தார் வைஸ்மன் என்ற ரசாயனப் பேராசிரியர். 1917-ல் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பிக் குதிரைச் செஸ்நட் கொட்டைகள் பொறுக்கவைத்தது பிரிட்டிஷ் அரசு. இந்தப் பேராசிரியர்தான் பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி!

பசையே கம்பளமாகிப்போன கதை

இதுவரை கம்பளத்தின் மேல் விழுந்த பசையைப் பார்த்தோம். கம்பளத்துக்கு உள்ளேயே பசை வந்த கதைதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊர். 1895-ல் கேதரின் எவன்ஸ் என்ற இளம்பெண் துணியில் நூலைக் குத்தி இழுத்து, வெட்டி, பூ வேலை செய்த படுக்கை விரிப்பு ஒன்று தைத்தார். அது குடிசைத் தொழிலாக வளர்ந்தது, பிறகு மெஷின் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே முறையில் கம்பளமும் செய்தார்கள். முடிச்சே கிடையாது. துணியில் இழையைக் குத்திவிட்டு, பின்பக்கம் லேடெக்ஸ் பசையைப் பூசினால் தீர்ந்தது. முடிச்சுக்கு மாதக்கணக்கு, இதற்குச் சில நாள்.

முடிச்சுக்குப் பேர்போன பதோஹிக்கும் இந்த முறை வந்துவிட்டது. 2010-ல் பதோஹிக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் உண்மைதான். ஆனால் சரக்கு இருப்பைச் சரிபார்க்க நான் கிடங்குக்குப் போகும்போது இரண்டு விதமும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ஒரு கொட்டகையில் கைத்துப்பாக்கியால் இழை குத்துவார்கள், அடுத்த கொட்டகையில் கம்பளத்தைக் குப்புறப் போட்டு லேடெக்ஸ் பூசுவார்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும்.

அங்கே கம்பளம் கழுவும் வயதான மிஸ்திரி ஒருவரிடம் தங்கையின் கேள்வியைக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான். "மேனேஜர் சாஹிப், முதல்ல திருப்பிப் பாத்தாங்களா?"

திருப்பினால் பின்பக்கத்திலும் டிசைன் தெரிந்தால் முடிச்சுக் கம்பளம். துணி ஒட்டி மூடியிருந்தால் பசைக் கம்பளம். பசைக் கம்பளத்தில் மேலே சிந்திய பசையை எடுக்கத் தின்னரைக் கொட்டினால், அது அடியில் இறங்கி, இழையைப் பிடித்துவைத்திருக்கும் லேடெக்ஸையும் பதம்பார்க்கும். கறை போகும், கூடவே இழையும் கொத்துக் கொத்தாக வரும். ஒரு பசையை எடுக்கப் போய் இன்னொரு பசையை எடுத்த கதை. முடிச்சுக் கம்பளம் என்றால் கவலை குறைவு. மிக மோசமாகப் போனால்கூட ரஃபூகர் அந்த இடத்து முடிச்சுகளை எடுத்துவிட்டுப் புதிதாக முடிந்துவிடுவார். முடிந்ததை அவிழ்க்கலாம், மறுபடி முடியலாம்.

தங்கைக்குச் சொன்னது

இனி சமையல் குறிப்பு மாதிரி சொல்லிவிடுகிறேன்.

1. எதுவானாலும் முதலில் உலர்ந்த நிலையில், மழுங்கிய கத்தி அல்லது கரண்டி முனையால் சுரண்டி, வந்த வரை எடுக்கவும். பாதி வேலை இதிலேயே முடியும்.

2. வெள்ளைப் பசை: வெந்நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, துணியில் நனைத்து அதன் மேல் கால் மணி நேரம் போட்டுவைக்கவும். இளகியதும் சுரண்டவும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கம்பளி என்றால் கொதிக்கும் நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும்.

3. துப்பாக்கிப் பசை (பிள்ளைகள் பிராஜெக்டுக்கு உருக்கி ஒட்டுவது): ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வைக்கவும். விறைத்து நொறுங்கும். சிலர் இஸ்திரிப் பெட்டி வைப்பார்கள். செயற்கை இழைக் கம்பளமானால் இழையும் சேர்ந்து உருகும், வேண்டாம்.

4. அவசரப் பசை: பஞ்சில் அசிட்டோன் தொட்டு, பசையின் மேல் மட்டும் ஒற்றவும். ஊற்றக் கூடாது. முதலில் கண்ணில் படாத மூலையில் சோதிக்கவும். சாயம் போகலாம், சில செயற்கை இழைகள் கரையவே செய்யும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

5. டேப்பின் பிசுக்கு: சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு, பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீர்.

6. எபாக்சி (இரண்டு டியூபைக் கலப்பது): இறுகிவிட்டால் வீட்டில் கரைக்க வழியில்லை. நுனி இழைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

யார் தலையில் செலவு

முன்பு ஒரு ஊரில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, ஹாலில் தரையோடு ஒட்டிய பழைய கம்பளத்தின் பசைத் தடத்துக்காக வீட்டுக்காரர் என் அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். நான் குடிவரும் முன்பே இருந்த தடம் அது. வாதாடிப் பார்த்தேன், பயனில்லை. ஒட்டியவர் எங்கோ நிம்மதியாக இருந்தார். எனக்குப் போனது பணம் மட்டும், அதனால் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, குளியல் தொட்டியின் பழைய பூச்சை மெத்திலீன் குளோரைடு போட்டு உரித்தபோது 13 தொழிலாளிகள் இறந்ததாக அரசுப் பதிவு இருக்கிறது. சின்னக் குளியலறை, மூடிய கதவு, தனியாள். பூச்சும் பசையும் உரிக்க இதே சரக்குதான் கடையில் கிடைத்தது. வீட்டு உபயோகப் பெயின்ட் உரிப்பானில் இதற்குத் தடை வந்தது 2019-ல்.

எங்கள் கிளை ஒன்றில் சில வருடம் முன்பு தரைக் கம்பளத்தை மாற்றினார்கள். வாடிக்கையாளருக்குத் தொந்தரவு கூடாது என்று ராத்திரி வேலை. தரையில் காய்ந்த பழைய பசையை இரண்டு பையன்கள் தின்னர் ஊற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஏ.சி. குளிர் போய்விடும் என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார் கான்ட்ராக்டர். சாவி வைத்திருந்த அதிகாரி என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன். அரை மணியில் எனக்குத் தலை சுற்றியது. அவர்களுக்கு அது அன்றாடம். எல்லா ஜன்னலையும் திறந்து, வேலையை நிறுத்தி, அரை மணிக்கு ஒரு தரம் வெளியே போய் வர வேண்டும் என்றேன். கான்ட்ராக்டர் முனகினார். வேலை இரண்டு மணி நேரம் தாமதமாக முடிந்தது. மறுநாள் காலை கிளை வழக்கம்போல பத்து மணிக்குத் திறந்தது. ஒரு வாடிக்கையாளருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக் கம்பளத்தை நீங்களே சுத்தம் செய்தால் நல்லது. ஆள் வைத்துச் செய்தால், அவர் பாட்டிலில் என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள்.

பி.கு.: தங்கை வீட்டுப் பசை கடைசியில் பிள்ளைகளின் துப்பாக்கிப் பசைதான். ஐஸ் கட்டியிலேயே போய்விட்டது.